வேலிக்கு உள்ளே ஓர் அமானிதம்



மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவர் தம் வளவில் வேலி அடைத்து, கழுதைகளுக்கென மேய்ச்சல் தரை அமைத்திருக்கிறார் என்றால் ஊரில் சிரிப்பு எழுவது இயல்பே. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது, "உஸ்தாத், உங்கட மற்ற மாணவர்கள் சுகமா?" என்று கேட்கும் நண்பர்கள் எமக்கு உண்டு. நாமும் சிரித்துக்கொண்டே, "அல்ஹம்துலில்லாஹ், அவர்கள் பாடத்துக்குப் பிந்தி வருவதில்லை" என்று சொல்லிவிடுவோம். ஆயினும் இதைத் தொடங்கியதற்கான காரணத்தையும், இதில் நாம் செய்த தவறுகளையும் ஒருமுறை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

மன்னார்த் தீவில் பிறந்தவர்களுக்குக் கழுதை புதிய பிராணி அன்று. பழங்காலத்தில் இக்கரைக்கு வந்த அரபு வணிகர்களே இவற்றைக் கொண்டுவந்தனர் என்பது தலைமுறை தலைமுறையாக எமது பெரியவர்கள் சொல்லிவரும் செய்தி. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பற்றியும் அவ்வாறே சொல்வார்கள். எமது பாட்டனார் காலத்தில் உப்பும் விறகும் தண்ணீரும் கழுதை முதுகில் ஏறின. லொறியும் முச்சக்கர வண்டியும் வந்தபின் அவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலை போனதும் உரிமையாளரும் இல்லாமற் போயினர். இன்று அவை நகர வீதிகளில் கூட்டமாக அலைகின்றன. குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைத் தின்கின்றன. பகலின் சூடு ஏறிய தார் வீதியில் இரவில் படுத்துக்கிடந்து வாகனங்களில் அடிபடுகின்றன.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எமக்குப் பத்து வயது. எமது குடும்பம் வள்ளத்தில் கற்பிட்டிக் கரையை அடைந்தது. புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தோம். அங்கே பள்ளிக்கூடத்தில் சக மாணவர் சிலர் எம்மை "மன்னார்க் கழுதை" என்று அழைப்பார்கள். பிள்ளைகளின் விளையாட்டுத்தான். ஆனால் ஊரை இழந்து வந்த பிள்ளைக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அந்த நாள் முதல் கழுதை என்ற சொல்லையே நாம் வெறுத்தோம். பிற்காலத்தில் ஆசிரியரானபோது, பாடம் வராத பிள்ளையை அதே சொல்லால் ஏசியவர்களில் நாமும் ஒருவர். அல்லாஹ் எம்மை மன்னிப்பானாக.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எமது வீட்டுக்குக் கூரை இல்லை. முற்றமெங்கும் முட்பற்றை. உம்மம்மா தொழுத அறையின் உள்ளே ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. அதை விரட்டுவதற்காகக் கல்லைக் குனிந்து எடுத்தோம். அது ஓடவில்லை; எம்மைத் திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த கல்லை வீசாமல் நின்றோம். சூரா அல்பகராவின் 259ஆம் வசனம் அப்போது நினைவுக்கு வந்தது. கூரைகள் சரிந்து பாழடைந்து கிடந்த ஓர் ஊரைக் கடந்துசென்ற மனிதர், இறந்துபோன இதனை அல்லாஹ் எவ்வாறு உயிர்ப்பிப்பான் என்று வியந்தார். அவரை நூறு ஆண்டுகள் மரணிக்கச் செய்து எழுப்பிய இறைவன், அவருடைய கழுதையின் எலும்புகள் ஒன்றுசேர்ந்து சதை போர்த்தப்படுவதை அவர் கண்முன்னே காட்டினான். எமது ஊர் பாழ்பட்டது இருபது ஆண்டுகள்தாம். இங்கோ கழுதை உயிரோடேயே நின்றது.

இவ்வளவும் நடந்தும் நாம் உடனே கழுதை வளர்க்கப் புறப்பட்டுவிடவில்லை. சில ஆண்டுகளின் பின் ஒரு நாள் சுபஹுத் தொழுகை முடிந்த வேளையில் மத்ரஸாப் பிள்ளைகள் நால்வர் ஓடிவந்தனர். பிரதான வீதியில் வாகனம் மோதிய ஒரு பெண் கழுதை பின்னங்காலை இழுத்தபடி நிற்கிறது என்றும், பக்கத்தில் குட்டி ஒன்றும் நிற்கிறது என்றும் சொன்னார்கள். மிருக வைத்தியர் வந்து காயத்துக்கு மருந்திட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் சில வாரங்கள் அலையவிடக் கூடாது என்றார். வீதிக்கு அருகில் இருந்தது எமது வளவுதான். இரண்டையும் கொண்டுவந்து, தாயைப் பனைமரத்தில் கயிற்றால் கட்டினோம்.

அந்த வாரம் வகுப்பில், பூனையை அடைத்துவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் பாடமாக வந்தது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தேடித் தின்னும்படி அதை விட்டுவிடவும் இல்லை. அதனால் தண்டிக்கப்பட்டாள் என்று விளக்கினோம். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். முன்பு எம்மிடம் ஏச்சு வாங்கியவர்களில் அவனும் ஒருவன்.

"உஸ்தாத், சாப்பாடு குடுத்தாக் கட்டி வெக்கலாமா?"

கூடும் என்று சொல்வதற்கு வாய் திறந்தோம். சன்னலுக்கு வெளியே, கயிறு எட்டிய இடம்வரை புல்லைக் கரம்பிவிட்டு, வட்டத்தின் விளிம்பில் கழுத்தை நீட்டியபடி நின்றது அந்தப் பிராணி. தேவையானதைக் கொடுத்து அடைத்துவைப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் அதற்குத் தேவையானது எது என்பதை நாம் அறிந்திருந்தோமா? பாடத்தை அத்துடன் நிறுத்தி, நாளை பதில் சொல்கிறோம் என்றோம்.

வேலி அடைத்து அவிழ்த்துவிடுவது என்பதே நாம் கண்ட பதில். வாப்பாவின் காணியில் பின்புறம் ஏறக்குறைய அரை ஏக்கர் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு கழுதைகளுக்குக் குறைந்தது அவ்வளவு நிலம் வேண்டும் என்று மிருக வைத்தியர் சொன்னார். மலிவாகக் கிடைத்ததால் முட்கம்பி வாங்கி, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினோம். வேலை முடிந்த மாலையில் இது மிக நல்ல காரியம் என்ற திருப்தியோடு நின்றோம்.

மறுநாள் காலையில் அயல்வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார். அவர் கத்தோலிக்கர், கணவரை இழந்தவர், ஏழு ஆடுகளே அவருடைய வருமானம். நாம் இல்லாத காலம் முழுவதும், வந்த பின்னரும், அந்த ஆடுகள் மேய்ந்தது எமது பின்வளவில்தான். அவை வரும் இடைவெளியை முட்கம்பி அடைத்துவிட்டிருந்தது.

"தம்பி, உங்கட காணி. நான் ஒண்டும் சொல்லேலாது. ஆனா ஆடுகளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஒரு விடயத்தை எம் மனம் எமக்கு நினைவூட்டியது. திரும்பி வந்த நாளில் எமது வளவில் சேதமில்லாமல் இருந்தது கிணறு ஒன்றுதான். அக்காவும் அவருடைய கணவரும் ஆண்டுதோறும் அதை இறைத்துத் துப்புரவாக்கி வைத்திருந்தார்கள். "எப்பவாவது வருவீங்கள்தானே" என்று மட்டுமே காரணம் சொன்னார்கள். ஒரு விலங்கின் மீது இரக்கம் காட்டப்போய், அந்தக் கிணற்றை நாம் மறந்துவிட்டிருந்தோம்.

மேய்ச்சல் நிலத்தை வேலியிட்டு ஒதுக்குவது எமது வரலாற்றில் புதிதல்ல. அரபியில் அதற்கு ஹிமா என்று பெயர். மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற இடத்தை நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு ஒதுக்கினார்கள். உமர் (ரழி) அவர்கள் தம் ஆட்சியில் ஒரு ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனை என்ற பணியாளரை நியமித்தபோது கூறிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இது: அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சிக்கொள், சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவரை உள்ளே அனுமதி, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வந்தருடைய கால்நடைகள் அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டங்களும் வயல்களும் இருக்கின்றன, ஏழையின் கால்நடை அழிந்தாலோ அவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என்னிடம்தான் வந்து நிற்பார். இதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். கேள்வித்தாளிலும் கேட்டிருக்கிறோம். ஏழு ஆடுகளோடு ஒருவர் எம் வேலிக்கு வெளியே நின்றபோதுதான் அது எமக்கே சொல்லப்பட்டது போல் இருந்தது.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடிக்க, குட்டி மிரண்டு பாய்ந்து முட்கம்பியில் மோதி நெஞ்சைக் கிழித்துக்கொண்டது. எமது கூக்குரல் கேட்டு முதலில் ஓடிவந்தவர் அந்த அக்காவின் மகன். வைத்தியர் தையல் போட்டு முடியும்வரை குட்டியின் தலையைத் தம் மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தவரும் அவரே. கையைக் கழுவும்போது, "நானா, மிருகத்துக்கு முள்ளுக்கம்பி சரிவராது. எங்கட பழைய கொட்டில் பிரிச்ச பனஞ்சலாகை கிடக்கு, எடுங்க" என்றார்.

அவ்வாறே செய்தோம். முட்கம்பியை முழுவதும் சுருட்டி எடுத்தோம். உறுதியான மரக்குற்றிகள் நாட்டி, நாலடி உயரம்வரை குறுக்கே பனஞ்சலாகைகளை அறைந்தோம். கழுதை வேலியில் சாய்ந்து உடம்பைத் தேய்க்கும் பழக்கமுள்ளது. ஆதலால் ஆணிமுனை எதுவும் வெளியே நீட்டாமல் பார்த்துக்கொண்டோம். ஆடுகள் முன்பு வந்த இடைவெளியில் ஒரு சிறிய படலை வைத்தோம். அதன் சாவி என்று எதுவும் இல்லை. ஒரு கயிற்று வளையம்தான். அக்காவின் வீட்டுப் பக்கத்திலிருந்தும் அதைக் கழற்றலாம்.

இதன் பிறகே, மேய்ச்சல் தரை என்பது வேலி மட்டுமன்று என்பதைக் கற்றோம். இவ்வாறான பிராணிகளை வைத்திருப்போர்க்கும் வைத்திருக்க விரும்புவோர்க்கும் பயன்படும் என்பதால், கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கழுதை வறண்ட நிலத்துக்காகப் படைக்கப்பட்ட பிராணி. நாரும் சக்கையுமான உணவில் அது வாழும். சத்து மிகுந்தால் நோயுறும். மாரி மழைக்குப் பின் இங்கே புல் தளதளவென்று எழும்போது முழு நிலத்தையும் திறந்துவிட்டால் அது அளவின்றித் தின்று கொழுத்துவிடும். எனவே அரை ஏக்கரை நான்கு துண்டுகளாகப் பிரித்தோம். ஒரு துண்டில் மேயும்போது மற்ற மூன்றும் ஓய்வெடுக்கும். கழுதைகள் ஒரு துண்டை விட்டு நகர்ந்ததும் அக்காவின் ஆடுகள் அதில் இறங்குகின்றன. ஆட்டின் குடற்புழுக்களும் கழுதையின் குடற்புழுக்களும் பெரும்பாலும் வேறு வேறானவை; ஒன்று விட்டுச்சென்ற புழு மற்றதன் வயிற்றில் பிழைப்பதில்லை; ஆகவே இது நிலத்துக்கே நல்லது என்று வைத்தியர் விளக்கினார். ஏழையை உள்ளே விடு என்ற அறிவுரையால் எம் நிலத்துக்கே நன்மை கிடைத்ததை எண்ணி, அன்று அல்லாஹ்வைப் புகழ்ந்தோம். சாணத்தை அள்ளுவது மத்ரஸாப் பிள்ளைகளின் முறைவேலை. அது மத்ரஸாவின் முருங்கைக்கும் கத்தரிக்கும் உரமாகிறது.

கொட்டிலுக்கு முன்னால் சிறிது இடத்தில் கிரவல் போட்டு இறுக்கினோம். மழை நாட்களில் கழுதை சேற்றிலேயே நின்றால் குளம்பு அழுகும். மணல் தரையில் நடப்பதால் குளம்பு தேயாமல் வளர்ந்தும் விடும். ஆறு முதல் பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சீவ வேண்டும். குதிரையின் மயிரைப் போலக் கழுதையின் மயிர் மழைநீரை வடியவிடாது. நனைந்தால் தோல்வரை ஊறிவிடும். ஆகவே பனையோலை வேய்ந்த கொட்டிலில், மாரிமழை சாய்ந்து அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிட்டோம். தண்ணீர் நாளொன்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து லீற்றர்வரை ஒரு கழுதைக்குத் தேவைப்படும். அழுக்கான தண்ணீரை அது தொடாது, தாகத்தோடேயே நிற்கும். எனவே தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறோம். நச்சுச் செடிகளான அலரியையும் ஆமணக்கையும் வேலியோரமெங்கும் தேடி வேரோடு பிடுங்கினோம். கோடையில், கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயல்களில் அறுவடை முடிந்து கிடைக்கும் வைக்கோலே உணவு. அதில் பூஞ்சணம் பிடித்திருக்கக் கூடாது.

இவ்வளவு அறிந்த பின்னரும் ஒரு பெரும் பிழை நேர்ந்தது. ஊரில் ஒரு வலீமா விருந்து. மீந்த சோற்றை வீணாக்கக் கூடாது, வாயில்லாப் பிராணிக்குக் கொடுத்தால் நன்மை கிடைக்கும் என்று எண்ணி, நல்ல மனத்தோடு இரண்டு சட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டினார்கள். நாம் வீட்டில் இல்லை. இரண்டு நாட்களின் பின் தாய்க்கழுதை நடக்க மறுத்தது. உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றது. குளம்பைத் தொட்டால் சுட்டது. மாச்சத்து மிகுந்த உணவால் குளம்பின் உள்ளே அழற்சி ஏற்பட்டிருந்தது. "கழுதை நோவை வெளியே காட்டாது, மௌலவி. அது காட்டும்போது ஏற்கெனவே பிந்தியிருக்கும்" என்றார் வைத்தியர். மூன்று வாரங்கள் அது மென்மணலில் படுத்தும் எழும்பியும் வேதனைப்பட்டது. குட்டி அதன் பக்கத்தைவிட்டு அசையவில்லை. பிரிந்தால் இரண்டுமே உணவை விட்டுவிடும் என்பதால் ஒன்றாகவே வைத்திருந்தோம். முன்பு கேள்வி கேட்ட மாணவன் அந்த மூன்று வாரங்களும் அஸருக்குப் பின் வந்து அதன் கால்களில் தண்ணீர் ஊற்றினான். ஒரு நாள் அவன் அருகில் அமர்ந்து, முன்பு ஏசியதற்காக மன்னிப்புக் கேட்டோம். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல உஸ்தாத்" என்றான். அவ்வளவுதான்.

இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை அந்த இரண்டு சட்டிச் சோறு கற்பித்தது. இப்போது படலையில் ஒரு பலகை தொங்குகிறது: சோறு, பாண், இனிப்பு கொடுக்க வேண்டாம், கொடுக்க விரும்புவோர் வைக்கோல் தாருங்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. கைக்குழந்தைக்குக் கழுதைப்பால் ஒரு சங்கு தாருங்கள் என்று தாய்மார் வருவார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல் உட்காரவைத்து விளக்குவோம். கைபர் போரின்போது நாட்டுக் கழுதையின் இறைச்சியை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அதன் பாலும் அவ்வாறே ஆகாது. நோயுற்ற குழந்தையை வைத்தியரிடம் கொண்டுபோங்கள் என்று சொல்லி, தேவையானால் முச்சக்கர வண்டிக்கும் ஏற்பாடு செய்வோம். பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை, சுமக்க வேலையும் இல்லை என்றால் இவற்றால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் நாம் ஏறிச்செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாக சூரா அந்நஹ்லில் அல்லாஹ் கூறுகிறான். அவனே அலங்காரம் என்று கூறிய ஒன்றைப் பயனற்றது என்று சொல்ல நாம் யார்? நபி (ஸல்) அவர்கள் உஃபைர் என்ற கழுதையில் ஏறிச் சென்றார்கள். முஆத் (ரழி) அவர்களைத் தமக்குப் பின்னால் அமர்த்திக்கொண்டார்கள். அந்தப் பயணத்தில்தான் அடியார்கள் மீது அல்லாஹ்வுக்குள்ள உரிமை என்ன என்ற மகத்தான பாடம் கற்பிக்கப்பட்டது.

இமாம் நவவியின் நாற்பது ஹதீஸ்களில் ஆறாவது, ஹலாலும் ஹராமும் தெளிவானவை என்பதைப் பற்றியது. அதில், ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் மேய்க்கும் இடையனின் கால்நடை எக்கணமும் உள்ளே நுழைந்துவிடக்கூடும் என்ற உவமை வருகிறது. முன்பு அதைக் கரும்பலகையில் கோடு வரைந்து விளக்குவோம். இப்போது பிள்ளைகளை வேலியோரம் கூட்டிச்செல்கிறோம். சலாகைகளுக்கு இடையே தலையை நுழைத்து, அடுத்த துண்டிலுள்ள பச்சைப் புல்லுக்கு எட்டி எட்டிப் பார்க்கும் கழுதையைக் கண்டதும் அவர்களே சிரித்துக்கொண்டு பொருளைச் சொல்லிவிடுகிறார்கள்.

மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நல்ல பராமரிப்பில் கழுதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும். எமக்கோ நாற்பத்தைந்து வயதாகிறது. அந்தக் குட்டி எம்மைவிட நெடுங்காலம் இருக்கலாம். வீதியில் கிடந்ததை வேலிக்குள் கொண்டுவந்த நாளிலேயே அதன் பசியும் தாகமும் எம் கணக்கில் எழுதப்பட்டுவிட்டன. ஆகவே இந்த ஷஃபான் மாதத்தில் வஸிய்யத்தை எழுதியபோது, கடன்களோடும் மத்ரஸாப் புத்தகங்களோடும் இவ்விரண்டையும் சேர்த்தோம். மகளிடம் வாசித்துக் காட்டினோம். அவள் கேட்டது ஒன்றுதான்: "வாப்பா, படலையப் பூட்டக் கூடாது எண்டும் எழுதினீங்களா?" எழுதியிருக்கவில்லை. அன்றிரவே அதையும் சேர்த்தோம்.

எம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் உயிரையும் பற்றி மறுமையில் விசாரிக்கப்படும்போது பதில் சொல்லக்கூடியவர்களாக அல்லாஹ் எம்மையும் உங்களையும் ஆக்குவானாக. ஆமீன்.